மணலியில் காய்ச்சிய டீசலுக்கு வளைகுடாவிலிருந்து வாடகையா?

மத்தியப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், அங்கே விலைக் கணக்குப் பார்க்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில் மணலிக்காரன். இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறேன். ஒன்று குட்டி யானை, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் பெரியது. விடிவதற்கு முன் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர்க் கடைகளில் இறக்குவதுதான் பிழைப்பு. இருட்டோடு கிளம்பும்போது ரிஃபைனரியின் உயரமான குழாய் நுனியில் தீ எரிந்துகொண்டிருக்கும். எங்கள் தெருப் பிள்ளைகள் நிலாவைவிட அதைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று பதிவாகி, 1969-இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் காய்ச்சும் ஆலையாக ஓடத் தொடங்கியது. இப்போது சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர், திறன் 1 கோடியே 5 லட்சம் டன்.

இந்த மடலை எழுத வைத்தவர் என் தங்கை வீட்டுக்காரர். நாகூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறார். ஒரு நாள் போன் செய்து, "பனங்குடியில பெரிய ரிஃபைனரி வருதே மச்சான், அது ஓட ஆரம்பிச்சா நம்ம பக்கம் டீசல் விலை இறங்கிடும்ல?" என்றார். நியாயமான கேள்விதான். கரும்பு ஆலை பக்கத்தில் இருந்தால் வெல்லம் மலிவு, உப்பளம் பக்கத்தில் இருந்தால் உப்பு மலிவு. ஆனால் பிறந்ததிலிருந்து நான் ரிஃபைனரிச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறேன். டேங்கரில் எண்ணெய் நிரப்பும் டெர்மினல் பக்கம் என்பதால் டேங்கர் லாரி வாடகையில் சில காசு மிச்சமாகும், அவ்வளவுதான். ஆலை நாலு மடங்கு பெருத்ததற்கும் என் பங்க் பில்லுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை.

ஏன் இல்லை என்று அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் தேட ஆரம்பித்தேன். பி.காம். படிக்கிற மகள் தாள்களை எடுத்துப் படித்துக் காட்டினாள்.

முதலில், நாட்டில் காய்ச்சும் திறன் போதவில்லையா என்று பார்த்தோம். போதாமல் இல்லை. 2024 நிலவரப்படி எல்லா ஆலைகளும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 25 கோடியே 70 லட்சம் டன். 2023-24-இல் நாடு முழுக்கச் செலவான பெட்ரோலியப் பொருள்கள் 23 கோடியே 30 லட்சம் டன் வாக்கில். டீசலை மட்டும் எடுத்தால், செலவு 9 கோடி டன்னை ஒட்டி, உற்பத்தியோ 11 கோடி டன்னுக்கு மேல். மிச்சம் கப்பலேறிப் போகிறது. ஜாம்நகரில் உள்ள ரிலையன்ஸ் வளாகம் மட்டுமே நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாய்க்கு மேல் காய்ச்சக்கூடியது. ஒரே இடத்தில் அவ்வளவு பெரிய ஆலை உலகத்தில் வேறில்லை. நம்மிடம் இல்லாதது கச்சா எண்ணெய். அது நூற்றுக்கு 85-க்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. அரிசிக்குத்தான் அடுத்த வீடு, அடுப்புக்குக் குறைவில்லை. (சமையல் எரிவாயு வேறு கதை. அதில் பாதிக்கு மேல் இறக்குமதி. அதைப் பற்றி இங்கே பேசவில்லை.)

சரி, உள்ளூரில் காய்ச்சி, உள்ளூர்த் தேவை போக மிஞ்சி, வெளிநாட்டுக்கும் விற்கிற பொருளுக்கு உள்ளூரில் என்ன விலை வைப்பீர்கள்? இங்கேதான் மகள் ஒரு பக்கத்தில் நிறுத்தினாள். அரசே விலை சொல்லிவந்த பழைய முறை 2002 ஏப்ரலில் முடிந்தது. அப்புறம் எண்ணெய் விலையை ஆராய அரசு அமைத்த ரங்கராஜன் குழு 2006 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அதன்படி அந்த ஆண்டு ஜூனிலிருந்து ஆலை வாசலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரு சூத்திரம் வந்தது. இறக்குமதி செய்திருந்தால் ஆகியிருக்கும் விலைக்கு நூற்றுக்கு 80 பங்கு, ஏற்றுமதி செய்திருந்தால் கிடைத்திருக்கும் விலைக்கு 20 பங்கு. இரண்டையும் கலந்தால் வருவதுதான் ஆலை வாசல் விலை.

"இறக்குமதி செய்திருந்தால்" என்பதில் என்னென்ன அடங்கும் தெரியுமா? அரபு வளைகுடாத் துறைமுகத்தில் டீசல் என்ன விலை என்று முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து இங்கே வரக் கப்பல் வாடகை. கடலில் ஏதாவது ஆகிவிட்டால் என்று காப்பீடு. இங்கே இறங்கியதும் சுங்க வரி. இத்தனையும் சேர்ந்த விலை. டீசல் என்னவோ மணலியில் காய்ச்சியதுதான். கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தில் இறங்கிக் குழாய் வழியே மணலிக்கு வருகிறது, டீசலாகிறது, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை டெர்மினல்களிலிருந்து டேங்கரில் ஏறுகிறது. அந்த டீசல் கடலைப் பார்த்ததே கிடையாது. கணக்குப் புத்தகத்தில் மட்டும் கப்பலில் வந்திருக்கிறது.

எங்கள் தொழிலில் வைத்துச் சொல்கிறேன். நான் கோயம்பேட்டில் தக்காளி ஏற்றித் திருவொற்றியூரில் இறக்குகிறேன். கடைக்காரரிடம், "அண்ணே, இதே தக்காளியை நீங்க ஒசூர்ல இருந்து வரவழைச்சிருந்தா லாரி வாடகை, டோல் எல்லாம் ஆயிருக்கும்ல, அதுல நூத்துக்கு எண்பது எனக்குக் குடுங்க" என்று கேட்டால் என்ன ஆகும்? மறுநாள் அந்தத் தெருவுக்குள் வண்டி போகாது.

கச்சா எண்ணெய் வருவதற்கும் கப்பல் வாடகை உண்டே என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை, அதைக் கேட்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. வாங்கிய கச்சா எண்ணெய்க்கு ஆன செலவு, காய்ச்சிய கூலி, நியாயமான லாபம் என்று கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். ஆகாத செலவைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்தச் சுங்க வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜூனில் கச்சா எண்ணெய்க்கு 5 சதவீதமாக இருந்த சுங்கம் நீக்கப்பட்டது, டீசலுக்கும் பெட்ரோலுக்கும் 7.5-லிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தது. உள்ளே வருவது கச்சா எண்ணெய். அதற்குச் சுங்கம் பெயரளவுக்குத்தான். வராத டீசலுக்கு 2.5 சதவீதம் சூத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பீப்பாய் 90 டாலர், டாலர் 83 ரூபாய் என்று வையுங்கள். ஒரு பீப்பாய் 159 லிட்டர், ஆக லிட்டர் 47 ரூபாய். அதில் 2.5 சதவீதம் 1 ரூபாய் 17 காசு, அதன் 80 பங்கு 94 காசு. இந்தக் காசு சுங்கத் துறைக்கும் போவதில்லை, ஏனென்றால் எதுவும் இறக்குமதியாகவில்லை. ஆலையின் கையிலேயே நின்றுவிடுகிறது.

என் இரண்டு வண்டிக்கும் நாளொன்றுக்கு 30 லிட்டர் போகும். 28 ரூபாய். இரண்டு டீ என்று வையுங்கள். இதற்காகவா மடல் எழுத வந்தாய் என்று கேட்கலாம். ஆனால் 9 கோடி டன் டீசல் என்றால் ஏறக்குறைய 10,800 கோடி லிட்டர். லிட்டருக்கு 94 காசு வீதம் ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய். இது டீசல் மட்டும், சுங்கம் மட்டும். கப்பல் வாடகையை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவேயில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆலை கட்ட ஆயிரக்கணக்கான கோடி ஆகிறது, அந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் யார் கட்டுவார்கள் என்பது. 1960-களில் இந்தப் பேச்சில் அர்த்தம் இருந்தது. இன்று ஜாம்நகர் என்ன செய்கிறது? பெரும்பகுதியை ஏற்றுமதி விலைக்கே விற்றுக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறது? வெளிநாட்டுக்காரன் நமக்குக் கப்பல் வாடகையும் சுங்கமும் சேர்த்துக் கொடுப்பதில்லை. அவன் கொடுக்கிற விலையில் கட்டுப்படியாகிற சரக்கு, எண்ணூர் நெடுஞ்சாலையில் என் வண்டிக்கு ஊற்றும்போது மட்டும் ஏன் கட்டுப்படியாகாது?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதிதான் சொன்னவனாவேன். சுத்திகரிப்புத் திறனுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சம்பந்தம் பெரிதாகவே உண்டு. ஆனால் அது உலகத்து மொத்தத் திறனோடு உள்ள சம்பந்தம், ஊரில் இருக்கிற ஆலையோடு இல்லை. கொரோனா காலத்தில் எண்ணெய் வாங்க ஆளில்லாமல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆலைகளை மூடிவிட்டார்கள். பிலடெல்பியாவில் 2019 ஜூனில் வெடித்த ஆலை மறுபடி திறக்கவேயில்லை. அப்புறம் 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர். கச்சா எண்ணெய் கிடைத்தாலும் காய்ச்ச ஆலை போதாத நிலை. கச்சா எண்ணெய்க்கும் டீசலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வீங்கியது. அந்த இடைவெளிதான் ஆலைக்காரர் லாபம். 2022 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் இந்தியன் ஆயில் ஒரு பீப்பாயைக் காய்ச்சியதில் 31 டாலருக்கு மேல் மார்ஜின் காட்டியது. லிட்டருக்கு ஏறக்குறைய 15 ரூபாய்! சாதாரண நாளில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல காலம் என்பார்கள்.

அந்தக் காலாண்டில் அதே நிறுவனம் சுமார் 1,992 கோடி ரூபாய் நட்டம் காட்டியது. இதைப் படித்தபோது மகள் தப்பாகப் படிக்கிறாளோ என்று நினைத்தேன். பங்க் விலை உறைந்துபோனதால் வந்த நட்டம் அது.

அந்த நட்டத்தை நான் மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2022 மே 22 முதல் சென்னையில் டீசல் 94.24. அதில் மத்திய கலால் 15.80. மாநில வாட் 11 சதவீதமும் அதற்கு மேல் 9.62-உம். டீலர் கமிஷன் கிட்டத்தட்ட இரண்டரை. எல்லாம் போகக் கம்பெனி கையில் நின்றது 58 ரூபாய் வாக்கில். அந்த ஜூன் மாதம் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயின் சராசரி 116 டாலர், அதாவது லிட்டருக்கு 57 ரூபாய். ஒரு ரூபாயில் காய்ச்சி, ஏற்றி, இறக்க முடியாது. நட்டம்தான். விலையை ஏற்றாமல் வைத்திருந்ததற்கு நன்றியும் சொல்லலாம்.

அப்புறம் டிசம்பர் வந்தது. கச்சா எண்ணெய் 78 டாலர். ரூபாய் மதிப்பு விழுந்ததையும் சேர்த்தால் லிட்டருக்கு 40, 41. பங்க்கில் அதே 94.24. கம்பெனி கையில் அதே 58. இடையில் 17 ரூபாய். முன்பு விட்டதைப் பிடிக்கிறார்கள் என்றார்கள், சரி என்றோம். எதுவரை பிடிப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. 2024 மார்ச் நடுவில், மக்களவைத் தேர்தல் தேதி அறிவிக்கும் முன்பு, இரண்டு ரூபாய் குறைத்தார்கள். அந்த நிதியாண்டில் இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் மூன்றும் சேர்த்துக் காட்டிய நிகர லாபம் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய்.

பெட்ரோல் விலையை 2010-லும் டீசல் விலையை 2014-லும் சந்தைக்கு விட்டுவிட்டோம் என்றீர்கள். 2017 ஜூன் 16 முதல் தினந்தோறும் மாறும் என்றீர்கள். ஆறு மணிக்கு விலை பார்த்துவிட்டு டேங்க் நிரப்புகிற பழக்கமே எங்களுக்கு வந்தது. அப்புறம் 2022 மே முதல் 22 மாதம் ஒரு காசு ஆடவில்லை. தினசரி மாறும் விலையா, நிறுத்திவைக்கும் விலையா? எதுவாக இருந்தாலும் வண்டிக்காரன் சமாளிப்பான். ஏறும்போது தினசரி, இறங்கும்போது நிறுத்திவைப்பு என்றால்தான் வயிறு எரிகிறது.

ஆலை இருந்தால் எண்ணெய் கிடைக்கும் என்பதற்காவது உத்தரவாதம் உண்டா என்று பார்த்தால், அதுவும் முழுசாக இல்லை. 2008-இல் அரசு நிறுவனங்கள் மானிய விலையில் விற்றபோது கட்டுப்படியாகாமல் ரிலையன்ஸ் தன் 1,400-க்கும் மேற்பட்ட பங்க்குகளை மூடிவிட்டது. ஜாம்நகர் ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2022-லும் வெளியே நல்ல விலை கிடைக்க, உள்ளூரில் சில தனியார் பங்க்குகளில் சரக்குத் தட்டுப்பாடு வந்தது. நீங்களே ஜூலை 1 முதல் டீசல் ஏற்றுமதிக்கு லிட்டருக்கு 13 ரூபாயும் பெட்ரோலுக்கு 6 ரூபாயும் வரி போட்டு, ஒரு பகுதியை உள்ளூரில் விற்றாக வேண்டும் என்று கட்டளையும் போட்டீர்கள். அது சரியான காரியம். ஏற்றுமதி விலை என்று ஒன்று இருக்கிறது, அதைத் தொட அரசால் முடியும் என்பதும் அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் மணலி தொடங்கிய அதே 1969-இல்தான் சபுகஸ்கந்த ஆலை ஓடத் தொடங்கியது. இப்போது அதன் திறன் நாளொன்றுக்கு 50,000 பீப்பாய். கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் 2021 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பெட்ரோலுக்காக நாள்கணக்கில் வரிசை நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

இப்போது பனங்குடிக்கு வருகிறேன். அங்கே 1993-இல் ஒரு சின்ன ஆலை வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் டன், பிறகு 10 லட்சம் ஆனது. நரிமணத்து மண்ணிலேயே எடுத்த எண்ணெயைக் காய்ச்சத்தான் அதைக் கட்டினார்கள். சொந்த மண்ணில் எடுத்து, அங்கேயே காய்ச்சிய காலத்திலும் நாகப்பட்டினத்து டிராக்டர்காரர் கொடுத்தது உலக விலைதான். இப்போது அந்த இடத்தில் 90 லட்சம் டன் ஆலைக்குத் திட்டம். 2021 பிப்ரவரி 17-இல் பிரதமர் காணொளி வழியே அடிக்கல் நாட்டினார். சுமார் 31,500 கோடி ரூபாய் என்று அன்றைக்குச் சொன்ன மதிப்பு. அதற்காக நிலம் கொடுத்தவர்கள் மறுவாழ்வுத் தொகை கேட்டுப் போராடியது செய்தித்தாளில் வந்தது. என் மச்சான் ஊரில் இப்போதும் டீக்கடைப் பேச்சு அதுதான்.

அவர்களுக்கு நீங்கள் வேலை வரும், ரோடு வரும், வரி வருமானம் வரும் என்று சொல்லலாம். வந்தால் நல்லது. மணலியிலும் கொஞ்சம் வந்தது, என் அப்பா அந்த ஆலைக் கட்டடத்துக்கு மண் சுமந்தவர்தான். ஆனால் எண்ணெய் விலை இறங்கும் என்ற நினைப்பில் ஒருவரும் நிலத்தைக் கொடுத்துவிடக் கூடாது. ஆலையோடு என்னென்ன வரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, படகும் வலையும் கறுத்துப்போனதை நாடே டிவியில் பார்த்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இந்தியன் ஆயில் தன் இணையதளத்தில் டெல்லி விலைக்கு ஒரு பிரிப்புப் பட்டியல் போடுகிறது. அடிப்படை விலை, லாரி வாடகை, கலால், டீலர் கமிஷன், வாட் என்று வரிசையாக இருக்கும். வாட் எவ்வளவு என்று காசு சுத்தமாகத் தெரிகிறது. டீலருக்கு எவ்வளவு என்பதும் தெரிகிறது. முதல் வரியில் உள்ள "அடிப்படை விலை" மட்டும் மூடின பெட்டி. அதைத் திறந்து, கச்சா எண்ணெய்க்கு எவ்வளவு, உண்மையில் ஆன கப்பல் வாடகை எவ்வளவு, காய்ச்சிய கூலி எவ்வளவு, ஆலை லாபம் எவ்வளவு, இறக்குமதியாகாத டீசலுக்காக வைத்த வாடகையும் சுங்கமும் எவ்வளவு என்று தனித்தனி வரியில் போடச் சொல்லுங்கள். 2006-இல் வந்த அந்த 80-க்கு 20 சூத்திரம் இன்றைக்கும் உள்ளே ஓடுகிறதா, மாறிவிட்டதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஓடுகிறது என்றால், ஏற்றுமதி செய்கிற நாட்டில் அந்த எண்பதுக்கு என்ன வேலை என்று யோசித்து, இருபது பக்கம் நகர்த்துங்கள். புது ஆலை ஓடத் தொடங்கும் நாளில் அதைச் செய்தாலும் போதும். (மாநில வாட் பற்றிச் சொல்லவும் நிறைய இருக்கிறது. டீசல் ஜி.எஸ்.டி.யில் இல்லாததால் என்னைப் போன்றவர்கள் கட்டுகிற வரியில் ஒரு காசைக்கூடக் கழித்துக்கொள்ள முடியாது. அதற்குக் கோட்டைக்கு வேறு மடல் எழுத வேண்டும்.)

பதிலைத் தமிழில் போட்டால் நல்லது. இந்தி, ஆங்கிலம் என்றாலும் மகள் படித்துச் சொல்வாள். நான் அதை அப்படியே நாகூருக்கு அனுப்பிவிடுகிறேன். மச்சான் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறார். "பாத்துச் சொல்றேன்" என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மணலியிலிருந்து ஒரு லோடு வண்டிக்காரன்